கத்தியைச் செய்தவரிடமே வாங்க நினைக்கும் தம்பிக்கு

நிலாவெளியில் பிறந்து இப்போது கத்தாரில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கையால் செய்த கத்திகளைச் சேர்க்க ஆசை. கடையில் வாங்காமல் செய்பவர்களிடமே நேராக வாங்க நினைக்கிறேன். அமெரிக்காவில் ஒருவரிடம் விசாரித்தேன். 400 டொலர், முழுவதையும் முன்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா? நம் ஊர்க் கொல்லர்களிடம் வாங்கினால் அது சேகரிப்பாகுமா?"

முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள் தம்பி. ஊர்க் கொல்லரிடம் வாங்குவது நிச்சயமாகச் சேகரிப்பாகும். என்னைக் கேட்டால் அங்கேதான் தொடங்க வேண்டும். ஏன் என்று விளக்க நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் திருகோணமலையில் ஓர் இயந்திரப் பட்டறையில் 22 ஆண்டுகள் பிட்டராக வேலை செய்தவன். கத்தி சேர்க்கத் தொடங்கி அதற்கும் மேலான காலம் ஆகிறது. இன்று என்னிடம் 31 கத்திகள் இருக்கின்றன. அவற்றில் நான்கை ஏன் வாங்கினேன் என்று இன்னும் வருந்துகிறேன். நான்கிலும் நான் செய்த தவறு ஒன்றுதான். கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் பார்த்து வாங்கினேன்.

பிடியின் மரம், அலகின் மினுக்கம், பித்தளை ஆணி, தோல் உறை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். தெரியாதது தோய்ச்சல். உருக்கைச் சரியான சூட்டுக்கு ஏற்றி, எண்ணெயில் தோய்த்து இறுக்கி, பிறகு இளஞ்சூட்டில் வைத்து அந்த இறுக்கத்தில் கொஞ்சத்தைத் தளர்த்தும் வேலை அது. தோய்ச்சல் பிழைத்த கத்தியையும் சரியான கத்தியையும் மேசையில் அருகருகே வைத்தால், தொடாமல் என்னாலும் வித்தியாசம் சொல்ல முடியாது. உள்ளே என்ன நடந்தது என்று அறிந்தவர் செய்தவர் ஒருவரே. கடைக்காரருக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. செய்தவரிடமே வாங்குவதன் பொருள் முழுவதும் இதில்தான் இருக்கிறது. மலிவாகக் கிடைக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள், பல வேளைகளில் கடை விலையைவிடக் கூடத்தான் கொடுக்க வேண்டும்.

தம்பலகாமப் பக்கம் எனக்குப் பழக்கமான ஒரு கம்மாலை, அதாவது கொல்லுப் பட்டறை, இருக்கிறது. அரிவாளும் மண்வெட்டியும்தான் அங்கே அன்றாட வேலை. பெரும்போக விதைப்பு நெருங்கினால் அங்கே கொல்லராக இருக்கும் பெரியவருக்கு மூச்சுவிடவும் நேரம் இருக்காது. கத்தியைத் தோய்ப்பதை மட்டும் அவர் எப்போதும் பொழுது மங்கிய பிறகே செய்வார். பகல் வெளிச்சத்தில் சூட்டின் நிறம் ஏமாற்றும் என்பார். நான் முதன்முறை பார்த்த அன்று, அவருடைய மகன் துருத்திச் சக்கரத்தைச் சுழற்ற, கரியின் நடுவே அலகு மங்கிய சிவப்பிலிருந்து மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. கம்பியில் கட்டிய காந்தத் துண்டு ஒன்றை எடுத்து அலகில் தொட்டார். ஒட்டியது. திரும்பவும் கரிக்குள் வைத்தார். மறுமுறை தொட்டபோது ஒட்டவில்லை. "இன்னும் துளி" என்றார். செவ்விளநீர்த் தோலின் நிறம் வந்ததும் குறட்டால் எடுத்து, முனை கீழே பார்க்க எண்ணெயில் நேராக இறக்கினார்.

அந்தத் 'துளி'க்குள் ஒரு கணக்கு இருக்கிறது. 770 பாகை செல்சியஸை ஒட்டி இரும்பு காந்தத்தை விட்டுவிடும். அவர் கத்திக்கு எடுக்கும் லொறி வில் தகட்டு உருக்கு இறுக அதற்கு மேலும் 50, 60 பாகை வேண்டும். காந்தம் விட்ட உடனேயே தோய்த்தால் பாதி இறுக்கம்தான் கிடைக்கும். அளவுக்கு மீறி ஏற்றினால் உருக்கின் உள்ளே இருக்கும் நுண்மணிகள் பருத்து அலகு மொறுமொறுவென்று ஆகிவிடும். எண்ணெயையும் அவர் முன்பே ஒரு பழுத்த இரும்புத் துண்டைப் போட்டு இளஞ்சூடாக்கியிருந்தார். குளிர்ந்த எண்ணெய் தடிப்பாக இருப்பதால் சூட்டை வேகமாக இழுக்காது. வெளியே எடுத்துத் துடைத்ததும் பழைய அரம் ஒன்றைக் கத்தியின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், வைத்து இழுத்தார். கண்ணாடியில் நகம் வழுக்குவதைப்போல் அரம் வழுக்கிக்கொண்டு போனது. 'கிர்ர்' என்று கடிக்கவே இல்லை. அந்த ஓசையைக் கேட்கவே நான் இன்றும் மாலையில் அங்கே போய் உட்காருவதுண்டு.

அந்த நிலையில் கத்தி கண்ணாடிதான், சீமெந்துத் தரையில் விழுந்தால் இரண்டாகும். அலகின் ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வெளுப்பாக்கி, சூடான இரும்புப் பாளத்தின்மேல் முதுகு படும்படி வைத்தார். நிறம் முதுகிலிருந்து வாயை நோக்கி ஊர்ந்து வந்தது. முதலில் வைக்கோல் நிறம், அதன் பின்னால் மண்ணிறம், ஊதா, நீலம். வைக்கோல் நிறம் வாயைத் தொட்ட கணத்தில் தூக்கித் தண்ணீரில் போட்டார். முதுகு அப்போது நீலமாக இருந்தது. வாய் இறுகி நிற்கும், முதுகு வளைந்து கொடுக்கும். வைக்கோல் நிறம் ஏறத்தாழ 200 முதல் 220 பாகை, நீலம் 300ஐ ஒட்டியது. மின்சூளை வைத்திருக்கும் வெளிநாட்டுக் கைவினைஞர் இதையே 200 பாகையில் இரண்டு மணி நேரம், இரண்டு தடவை என்று செய்வார். ஊர்ப் பெரியவர் கண்ணால் பிடிப்பதை அவர் வெப்பமானியால் பிடிக்கிறார்.

ஆகவே அமெரிக்கரானாலும் ஆண்டாங்குளத்துக்காரரானாலும் முதல் கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "என்ன உருக்கு? தோய்ச்சலை நீங்களே செய்கிறீர்களா, எப்படிச் செய்கிறீர்கள்?" வேலை தெரிந்தவருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும், ஒரு பக்கம் எழுதி அனுப்புவார். வேறொரு தோய்ச்சல் நிலையத்துக்கு அனுப்பிச் செய்கிறேன் என்று சொன்னால் அதுவும் நேர்மையான பதில்தான். "அது தொழில் இரகசியம்" என்பவரிடமும், பிடியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவரிடமும் வாங்காதீர்கள்.

துருப்பிடிக்காத உருக்கு என்றால் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். ஏஇபி-எல் போன்ற உருக்கில் 13 சதவீதம் குரோமியம் இருக்கிறது. அதை இறுக்க 1,050 பாகைக்கு மேல் ஏற்றி, அந்தச் சூட்டில் சில நிமிடம் அசையாமல் வைத்திருக்க வேண்டும். கரி உலையில் கண் பார்த்துச் செய்யும் வேலை அல்ல அது. கரி உலை மட்டுமே வைத்திருக்கும் ஒருவர் "நானே தோய்த்த ஸ்டெயின்லெஸ் கத்தி" என்று விற்றால் தள்ளி நில்லுங்கள்.

உலையில் அடித்து உருவாக்கியதுதான் உண்மையான கைவேலை, தகட்டை வெட்டித் தேய்த்துச் செய்தது தாழ்ந்தது என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 2010இல் காலமான அமெரிக்கக் கத்திக் கைவினைஞர் பொப் லவ்லெஸ் தகட்டைத் தேய்த்தே கத்தி செய்தவர். அவருடைய கத்திகளுக்குச் சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கான டொலர் கொடுக்கிறார்கள். தோய்ச்சலும் வாயின் வடிவமும் சரியாக இருந்தால் அடித்ததா தேய்த்ததா என்பது சுவையைப் பொறுத்த விடயம்.

அடித்துச் செய்பவர்களில் ஒருவரைத் தெரிவு செய்ய ஓர் அளவுகோல் இருக்கிறது. 1976இல் பில் மோரன் என்ற கத்திக் கொல்லர் தொடங்கிய அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி என்ற கத்திக் கொல்லர் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு ஒரு தேர்வு வைக்கிறது. தேர்வு எழுதுபவர் தான் செய்த கத்தியால், தொங்கவிட்ட ஓர் அங்குலத் தடிப்புக் கயிற்றை ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். பிறகு இரண்டுக்கு நான்கு அங்குல மரச் சட்டத்தை இரண்டு தடவை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதற்குப் பிறகும் அதே வாய் கை முடியை மழிக்க வேண்டும். கடைசியில் அலகை வைஸில் இறுக்கி 90 பாகைக்கு வளைப்பார்கள், முறிந்து விழக் கூடாது. இடையில் சாணை பிடிக்க அனுமதி இல்லை. பார்த்தீர்களா, அந்த நாலு சோதனையும் தோய்ச்சலையும் வாயின் வடிவத்தையும்தான் சோதிக்கின்றன. இதில் தேறிய ஒருவரிடம் வாங்கினால் கண்ணுக்குத் தெரியாத பாதிக்கு ஓர் அத்தாட்சி கிடைக்கிறது. தேறாதவர்களிலும் மிக நல்ல கைகள் உண்டு, ஆனால் தொடங்குபவருக்கு இது உதவும்.

கத்தி கைக்கு வந்த பிறகு நீங்களே பார்க்கக்கூடியது ஒன்று இருக்கிறது. கால் அங்குலப் பித்தளைக் கம்பியை வைஸில் பிடித்து, கத்தியின் வாயை அதன்மேல் சற்றுச் சரித்து வைத்து, மெல்ல அழுத்தி இழுங்கள். விளக்கை எதிரே வைத்தால் வாய் மயிரிழை அளவு வளைவது தெரியும். அழுத்தத்தை எடுத்ததும் நேராக வேண்டும். வளைந்தபடியே நின்றால் மென்மை கூடிவிட்டது, வாய் உடைந்து பல் விழுந்தால் இறுக்கம் கூடிவிட்டது. செய்தவரின் பட்டறையில் இருக்கும்போது இதை நீங்கள் செய்யாதீர்கள், அவரைச் செய்து காட்டச் சொல்லுங்கள். மரியாதைக்கு மரியாதை, பாடத்துக்குப் பாடம்.

நான் வருந்தும் நான்கில் ஒன்று, கொழும்பில் ஒரு விற்பனைக் கண்காட்சியில் வாங்கிய 'டமாஸ்கஸ்' கத்தி. அலகு முழுவதும் நீரோட்டக் கோலம், ஒட்டக எலும்புப் பிடி. வீட்டுக்கு வந்து பூசணிக்காய் ஒன்றை வெட்டினேன். காம்பைத் தாண்டும்போதே வாய் மடிந்துவிட்டது. அரத்தை வைத்தேன், வெண்ணெயில் போல் இறங்கியது. கோலத்தை மணல் தாளால் தேய்த்துவிட்டு, உருக்கை அரிக்கும் பெரிக் குளோரைட்டு நீரில் திரும்ப வைத்துப் பார்த்தேன். உண்மையான அடுக்கு உருக்கானால் தேய்த்த இடத்தில் கோலம் மீண்டும் எழும். எனக்கு வெறும் சாம்பல் நிறம்தான் வந்தது. மேல்தோலில் பொறித்த கோலம். விற்றவர் செய்தவர் அல்லர், கேட்க ஆளும் இல்லை.

டமாஸ்கஸ் என்ற பெயரால் இன்று விற்பது பெரும்பாலும் இரு வகை உருக்கை அடுக்கி, உலையில் ஒட்டி, மடித்து மடித்து அடித்தது. மோரன் 1973இல் அதைக் காட்சிக்கு வைத்த பிறகே அமெரிக்காவில் அது மறுபடி பரவியது. பழைய டமாஸ்கஸ் வாள்களின் உருக்கு வேறு. அது மூசை என்ற களிமண் கலத்தில் காய்ச்சிய உருக்கு, தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனது. பலாங்கொடைப் பக்கம் சமனலவெவவில், மலை முகட்டில் காற்றை எதிர்பார்த்துக் கட்டிய பழைய இரும்பு உலைகளை ஜில் ஜூலெவ் என்ற ஆய்வாளர் அகழ்ந்தெடுத்தார். அதே அமைப்பில் ஓர் உலையைக் கட்டி, துருத்தியே இல்லாமல் தென்மேல் பருவக் காற்றால் மட்டும் எரித்து, கரிமம் மிகுந்த உருக்கை எடுத்தும் காட்டினார். 1996இல் அது வெளிவந்தது. அங்கே உலையை ஊதிய அந்தக் காற்றுத்தான் மலையைத் தாண்டி, ஈரத்தை இழந்து, ஆடி மாதத்தில் நம் ஊருக்குக் கச்சான் காற்றாக வந்து சேர்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து கச்சான் வீசும்போது எனக்கு அந்த முகடு நினைவுக்கு வரும்.

இனிப் பணம். பெயர் எடுத்த கைவினைஞர் பலர் முன்பணமே வாங்குவதில்லை. உங்கள் பெயரை வரிசையில் எழுதிக்கொள்வார்கள். முறை வந்து கத்தி முடிந்ததும் படம் அனுப்பிப் பணம் கேட்பார்கள். நீங்கள் வேண்டாம் என்றாலும் அதை வாங்க இன்னொருவர் காத்திருப்பார். வழக்கத்துக்கு மாறான அளவு, விலை கூடிய மரம், பெயர் பொறிப்பு என்று நீங்கள் கேட்டால் ஒரு பங்கு முன்பணம் கேட்பது நியாயம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நான் கொடுக்க மாட்டேன்.

2013இல் நான் கொடுத்தேன். 350 டொலர், முழுவதும். எட்டு மாதம் பதில் வந்தது, பிறகு நின்றது. ஏமாற்ற வேண்டும் என்று அவர் தொடங்கியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். வாங்கிய பணத்தை அந்த மாதச் செலவுக்குப் போட்டிருப்பார். அதன்பின் என் கத்தியை எடுக்கும் ஒவ்வொரு நாளும் அவருக்குக் கூலி இல்லாத நாள். கூலி கிடைக்கும் வேறு வேலை முன்னால் வந்து நிற்கும்போது என் கத்தி பின்னால் போகும். முழு முன்பணம் நல்ல மனிதரையும் இந்த இடத்துக்குத் தள்ளிவிடும் தம்பி.  நீங்கள் விசாரித்த அமெரிக்கரிடம் பகுதிப் பணத்துக்குச் சம்மதமா என்று கேளுங்கள். அதைவிட நல்லது, அவர் ஏற்கெனவே செய்து முடித்த கத்தி ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு கைவினைஞரிடம் முதன்முதலில் வாங்கும்போது அவர் ஐம்பது தடவை செய்த வடிவத்தையே வாங்குவது என் வழக்கம். நாம் வரைந்து அனுப்பும் கோலத்தில் அவருக்கும் அது முதல் தடவை. பிறகு விற்க நினைத்தாலும் அவருடைய கைச்சாயல் உள்ளதைத்தான் மற்றவர்கள் தேடுவார்கள். விலை பேசாதீர்கள். இன்னொருவரின் வடிவத்தை அப்படியே செய்து தரும்படியும் கேட்காதீர்கள். தபாலில் வரவழைக்கும் முன் கத்தி வந்து சேரும் நாட்டின் சுங்க விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், பொதியில் உள்ளதை உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள்.

நம் ஊரில் கத்தி வைத்திருப்பவருக்கு முதல் எதிரி கடற்காற்று. உவர்மலையில் என் வீட்டு யன்னலோரம் ஓர் இரவு மறந்து வைத்த கரிம உருக்குக் கத்தியில் காலையில் செம்புள்ளிகள் இருந்தன. ஐப்பசியில் மாரி தொடங்கினால் இன்னும் மோசம். தோல் உறை அழகுதான், ஆனால் அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், கத்தியை உறைக்குள் உறங்கவிடாதீர்கள். உறையை ஒரு பக்கம், கத்தியை ஒரு பக்கம் வையுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பரபினைத் துணியில் தொட்டு மெல்லிதாகப் பூசினால் போதும், சமையலுக்கு எடுத்தாலும் கெடுதல் இல்லை. தினமும் வெங்காயமும் மாங்காயும் வெட்டும் கத்தியில் சாம்பலும் நீலமுமாக ஒரு படலம் ஏறும். அதைத் தேய்த்து வெளுப்பாக்காதீர்கள், செந்துருவைத் தள்ளி நிறுத்துவது அதுதான்.

பிடி மரத்துக்கும் நம் காலநிலை சோதனை. மாரியில் பிடி போட்ட கத்தி கச்சானில் காய்ந்து சுருங்கும். விரலால் தடவினால் மரம் உள்வாங்கி, நடுவில் உருக்கின் விளிம்பு தட்டுப்படும். முதிரையும் பாலையும் நன்றாக உலர்ந்திருந்தால் இந்தத் தொல்லை குறைவு. பிடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மரத்துக்கும் உருக்குக்கும் இடையில் ஒளி கசிகிறதா என்று பாருங்கள். தந்தம் என்றால் தொடவே தொடாதீர்கள், மான் கொம்பும் வனவிலங்குச் சட்டத்தில் மாட்டிவிடும். வீட்டெருமைக் கொம்பு கறுத்து, மினுங்கி, எதற்கும் குறையாமல் இருக்கும். கண்டி அரச பட்டறைகளில் செய்த வெள்ளி இழைத்த 'பிஹா கெத்த' என்ற கத்தியை யாராவது கொண்டுவந்தால் ஆசையை அடக்கிக்கொண்டு விசாரியுங்கள். 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருள் சட்டப்படி தொல்பொருள், அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது.

ஊர்க் கொல்லரிடம் ஏன் தொடங்கச் சொல்கிறேன் என்றால், தோய்ச்சலை உங்கள் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். படத்தில் பார்ப்பது வேறு, கரிச் சூடு முகத்தில் அடிக்க நின்று பார்ப்பது வேறு. அதை ஒருமுறை பார்த்தவர் அமெரிக்கருக்கு எழுதும் கேள்வியே வேறாக இருக்கும். மீன் கத்தி, தேங்காய்க் கத்தி, பாளைக் கத்தி, பாக்குவெட்டி என்று நம் பக்கத்துக் கருவிகளை யாரும் முறையாகச் சேர்க்கவும் இல்லை. நான் வைத்திருக்கும் எட்டு மீன் கத்திகளில் ஒன்றின் வளைவு மற்றதில் இல்லை. அவற்றில் மூன்றைச் செய்தவர்கள் இப்போது உயிரோடு இல்லை. எந்தக் கத்தி எவர் கையால் வந்தது என்பது என் கொப்பியில் மட்டும்தான் இருக்கிறது. நீங்களும் ஒரு கொப்பி போடுங்கள். செய்தவர், ஊர், ஆண்டு, உருக்கு எங்கிருந்து வந்தது, கொடுத்த விலை எல்லாவற்றையும் எழுதுங்கள்.

விடுமுறைக்கு வரும்போது இப்படிக் கேளுங்கள்: அலகு ஆறு அங்குலம், முதுகு மூன்று மில்லிமீற்றர், முதிரைப் பிடி, இரண்டு பித்தளை ஆணி. பழைய வில் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். எனவே முதலில் ஒரு சிறு துண்டைத் தோய்த்து முறித்துக் காட்டச் சொல்லுங்கள். முறிந்த முகம் பட்டுத் துணிபோல் மங்கிய சாம்பலாக இருந்தால் நல்லது, சீனிபோல் மினுங்கினால் சூடு கூடிவிட்டது. அவர் தன் அடையாளத்தையும் ஆண்டையும் அலகில் அடிக்க வேண்டும், அதையும் தோய்ச்சலுக்கு முன்பே கேட்டுவிடுங்கள், பிறகு உளி ஏறாது. கடைசியாக நான் செய்வித்ததற்கு 6,500 ரூபாய் கொடுத்தேன். விதைப்புக் காலத்தில் போகாதீர்கள், தை பிறந்த பிறகு போங்கள். பின்னேரம் ஐந்தரைக்குக் கம்மாலையில் இருந்தால் சரியாக இருக்கும், அவர் கரியைக் கிளறத் தொடங்குவது அப்போதுதான்.